கணிப்பொறியின் மின்பெட்டி: வெளியே பார்த்து அறிவோம்

முக்கொம்பில் பெருகி வரும் காவிரி நீரை மதகுகள் வழியே அளந்து, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் பிரித்து விடுகிறார்கள். கணிப்பொறிக்குள் இது போன்ற பணியைச் செய்வது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்பெட்டியாகும். வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை அது 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றிப் பகிர்ந்தளிக்கிறது.

இப்பெட்டியை நாம் ஒருபோதும் திறக்கலாகாது. மின் இணைப்பை எடுத்த பின்னும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆயினும் வெளிப்புறத்தைப் பார்த்தே பலவற்றை அறியலாம்.

அளவு: 1995-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். முறையைச் சேர்ந்த பெட்டியின் அகலம் 150 மி.மீ., உயரம் 86 மி.மீ. நீளம் பெரும்பாலும் 140 மி.மீ.; திறன் மிக்கவற்றில் இன்னும் கூடும்.

பின்புறம்: மூன்று முனைகள் கொண்ட மின்வாயும் ஒரு சுவிட்சும் உள்ளன. சுவிட்சில் கோடு உள்ள பக்கத்தை அழுத்தினால் மின்சாரம் வரும். வட்டம் உள்ள பக்கத்தை அழுத்தினால் நிற்கும். பழைய பெட்டிகள் சிலவற்றில் 115, 230 என்று குறித்த சிறு சிவப்புச் சுவிட்சும் உண்டு. நம் நாட்டில் அது 230-இல்தான் இருக்க வேண்டும்.

விசிறி: 500 வாட் எடுத்து 400 வாட் கொடுக்கும் பெட்டியில் மீதி 100 வாட் வெப்பமாகி விடுகிறது. அதை வெளியேற்றவே 120 அல்லது 135 மி.மீ. விசிறியும், தேன்கூடு போன்ற துளைகளும் உள்ளன. ஆடிக்காற்றில் மணல் பறக்கும் நம் ஊரில் இத்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

சீட்டு: பக்கவாட்டில் ஒட்டிய சீட்டில் 12 வோல்ட், 50 ஆம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்கிட 600 வாட் கிடைக்கும். நம் அறிவியல் பாடத்தில் வரும் மின்திறன் வாய்பாடே இது!

வடங்கள்: சாதாரணப் பெட்டியில் எல்லா வடங்களும் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மாடுலர் வகையில் ஒரு பக்கத்தில் வரிசையாகத் துளைவாய்கள் மட்டுமே இருக்கும். தேவையற்ற வாய்க்காலின் மதகை மூடி வைப்பது போல, வேண்டிய வடங்களை மட்டும் செருகி, மற்றவற்றை எடுத்து வைக்கலாம். உள்ளே இடம் கிடைக்கும். காற்றும் நன்கு செல்லும். முக்கிய வடம் மட்டும் நிலையாக உள்ளது அரை மாடுலர் வகை.

இங்கேதான் ஓர் ஆபத்து உள்ளது. ஹார்டு டிஸ்க்கில் செருகும் முனை எல்லா நிறுவனங்களுக்கும் பொது. மின்பெட்டியில் செருகும் முனைக்கோ பொது விதி இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்து சரியாகப் பொருந்தினாலும், கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும். 5 வோல்ட் செல்ல வேண்டிய கம்பியில் 12 வோல்ட் பாயலாம்.

ஸ்ரீரங்கத்தில் என் தோழி ஒருத்தியின் வீட்டில் இப்படித்தான் நடந்தது. பழுது பார்க்க வந்தவர் புதிய பெட்டியைப் பொருத்தி, பழைய வடங்களையே அதில் செருகினார். சுவிட்சைப் போட்ட நொடியில் ஹார்டு டிஸ்க் கருகியது. அவளுடைய அக்காவின் கல்லூரிக் குறிப்புகளும், தாத்தாவின் அறுபதாம் கலியாணப் படங்களும் அதோடு போயின. புதிய டிஸ்க் வாங்கிவிட்டார்கள். படங்களை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவே தோழியரே, பெட்டி மாறினால் வடமும் மாற வேண்டும். எடுத்து வைக்கும் வடங்களை ஒரு பையில் கட்டி, அவை எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்கு உரியவை என்று எழுதி வையுங்கள். ஒரு துண்டுச் சீட்டு பெரும் இழப்பைத் தடுக்கும்.

– பத்தாம் வகுப்பு மாணவி