கடலில் ஓர் இம்மி

அளத்தலே அறிவியலின் தொடக்கம். பெரியவற்றை அளப்பதினும் மிகச் சிறியவற்றை அளப்பது அரிது. அளக்கப்படும் பொருள் அளப்பவரின் கையில் ஒட்டிய தூசியைவிடக் குறைவாக இருக்குமானால், கருவியைச் சோதிப்பதற்கு முன் அளப்பவர் தம்மையே சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடல்நீரிலும் கடற்காற்றிலும் கலந்துள்ள நுண்தனிமங்களை அளக்க அறிவியலாளர் கற்றுக்கொண்ட வரலாறு, இந்த உண்மையைத் தெளிவாக உணர்த்துகிறது.

நுண்தனிமங்கள்

ஒரு லிட்டர் கடல்நீரைக் காய்ச்சினால் ஏறத்தாழ 35 கிராம் உப்பு எஞ்சும். அதில் பெரும்பகுதி சோடியமும் குளோரைடும் ஆகும். சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியன அடுத்த நிலையில் உள்ளன. இவையேயன்றி, இரும்பு, துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, காட்மியம், ஈயம் முதலிய தனிமங்களும் கடலில் கரைந்துள்ளன. இவற்றின் அளவு மிகமிகக் குறைவு. ஆதலின் இவை நுண்தனிமங்கள் எனப்படுகின்றன.

இக்குறைவின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் ஆழமும் உள்ள குளம் ஒன்றைக் கருதுவோம். அக்குளத்தில் 5 கோடி லிட்டர் நீர் நிற்கும். கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள பெருங்கடலின் மேற்பரப்பு நீரால் அதனை நிரப்பினால், அதில் கரைந்திருக்கும் இரும்பு முழுவதும் சில இடங்களில் 0.15 கிராம் அளவே தேறும். ஓரிரு குண்டூசிகளின் எடைதான் அது!

பழந்தமிழர் கீழ்வாய் இலக்கத்தில் 320இல் ஒரு பங்கை முந்திரி என்றனர். 102400இல் ஒரு பங்கைக் கீழ்முந்திரி என்றனர். அதனினும் சிறியதை இம்மி என்றனர். ‘இம்மியளவும் பிசகவில்லை’ என்னும் வழக்கு இன்றும் நம்மிடம் உண்டு. கடலில் கரைந்த இரும்பின் பங்கோ அந்த இம்மியினும் பன்மடங்கு சிறியது.

அளவில் சிறிதாயினும் பயனில் இரும்பு பெரிது. உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதியைக் கடலில் வாழும் மிதவைத் தாவரங்களே நிகழ்த்துகின்றன. அவை பச்சையத்தை உருவாக்கவும் நைட்ரேட்டைப் பயன்கொள்ளவும் இரும்பு இன்றியமையாதது. மிதவைத் தாவரங்களே கடலின் உணவுச் சங்கிலிக்கு அடிப்படை. எனவே, அந்த இம்மி இரும்பு குறைந்தால் கடலின் விளைச்சலே குறையும்.

அளவுகள் உரைத்த பொய்

1970களின் நடுப்பகுதிவரை வெளியான நுண்தனிம அளவுகளுள் பெரும்பாலானவை பிழையானவை என்று பின்னர் தெரியவந்தது. உண்மையான அளவைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு, சில வேளைகளில் அதற்கும் மேலாக அவை இருந்தன. கருவிகளின் குறை மட்டுமே இதற்குக் காரணமன்று. ஆய்வுக் கப்பலே இரும்பால் ஆனது. நீர் மொள்ளும் கலங்களை இறக்கிய வடமும் எஃகால் ஆனது. கலத்தின் இரப்பர் வளையத்தில் துத்தநாகம் இருந்தது. ஆய்வகக் காற்றில் ஈயத்தூசி மிதந்தது. ஆய்வாளர் அளந்தது கடலையன்று. தம் கப்பலையும் தம் கையையுமே அளந்தனர்.

இதனை முதலில் உரத்துச் சொன்னவர் அமெரிக்க நாட்டு வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன். விண்கற்களில் உள்ள ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு புவியின் வயதைக் கணிக்க அவர் முற்பட்டார். ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்ததைவிட மிகுதியான ஈயம் தென்பட்டது. அது விண்கல்லிலிருந்து வந்ததன்று; காற்றிலிருந்தும் கண்ணாடிக் கலங்களிலிருந்தும் வேதிப்பொருள்களிலிருந்தும் வந்தது என்பதை அவர் உணர்ந்தார். வடிகட்டிய காற்று நிறைந்த தூய ஆய்வகம் ஒன்றை உருவாக்கினார். ஒவ்வொரு கலத்தையும் அமிலத்தில் கழுவினார். இந்த உழைப்பின் பயனாகப் புவியின் வயது 455 கோடி ஆண்டுகள் என 1956இல் வெளியிட்டார்.

பின்னர் அவர் பார்வை கடலின்மீது திரும்பியது. ஆழ்கடல் நீரைவிட மேற்பரப்பு நீரில் ஈயம் மிகுந்திருப்பதை 1960களின் தொடக்கத்தில் அவரும் உடன் ஆய்வாளரும் கண்டனர். கடலில் சேரும் ஈயம் துகள்களில் ஒட்டி விரைவில் நீங்கும் இயல்புடையது. அவ்வாறிருந்தும் மேற்பரப்பில் அது மிகுந்திருப்பதாயின், அண்மைக்காலத்தில் காற்றின் வழியே அது வந்து விழுந்திருக்க வேண்டும். 1923 முதல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்து விற்கப்பட்டு வந்தது. வண்டிகளின் புகைவழி வெளியேறிய ஈயமே கடலை எட்டியது என்னும் முடிவுக்குப் பேட்டர்சன் வந்தார்.

மனித உடலிலும் சூழலிலும் ஈயம் இருப்பது இயல்பே என்று தொழில்துறை சார்ந்த வல்லுநர் அந்நாளில் வாதிட்டனர். அவ்வாதத்திற்குத் துணைநின்றவை மாசுபட்ட ஆய்வகங்களில் பெறப்பட்ட அளவுகளே. எங்கும் எதிலும் ஈயம் இருப்பதாகக் காட்டும் அளவீட்டில், புதிதாக வந்த நஞ்சு எது, இயற்கையாக இருந்தது எது எனப் பிரித்தறிய இயலாது. கிரீன்லாந்துப் பனிப்படலங்களில் ஈயத்தின் அளவு தொழில்வளர்ச்சிக்குப் பின் பன்மடங்கு உயர்ந்ததையும் பேட்டர்சன் குழுவினர் 1969இல் நிறுவினர். எதிர்ப்புகளுக்கு இடையிலும் உண்மை மெல்ல வென்றது. இந்தியா 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டது. சாலை வண்டிகளுக்கு அதனை விற்றுவந்த கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் விற்பனையை நிறுத்தியது. வட அட்லாண்டிக் மேற்பரப்பு நீரில் ஈயத்தின் அளவு 1970களுக்குப் பின் படிப்படியாகக் குறைந்துவருவதை இன்றைய அளவீடுகள் உறுதிசெய்கின்றன.

தூய்மையே கருவி

இன்று நுண்தனிமங்களுக்காகக் கடல்நீர் எடுக்கும் முறை, அறுவை மருத்துவத்திற்கு ஒப்பான கட்டுப்பாடு உடையது. எஃகு வடத்திற்கு மாற்றாகக் கெவ்லர் போன்ற செயற்கை இழையால் ஆன கயிறு பயன்படுகிறது. கலங்களைத் தாங்கும் சட்டம் டைட்டானியத்தாலோ பூச்சு பூசிய உலோகத்தாலோ செய்யப்படுகிறது. கலத்தின் உட்புறம் டெஃப்லான் பூசப்பட்டிருக்கும். மேற்பரப்பில் மிதக்கும் மாசு உட்புகாதவாறு கலம் மூடிய நிலையிலேயே நீருள் இறங்கும், ஆழத்தில் திறந்துகொள்ளும், உரிய இடத்தில் நீரை ஏற்று மீண்டும் மூடிக்கொள்ளும்.

கப்பலின் தளத்தில் வடிகட்டிய காற்று நிறைந்த தூய அறை ஒன்று இருக்கும். அங்கு 0.2 மைக்ரோமீட்டர் நுண்துளை உடைய வடிகட்டியின் வழியே நீர் செலுத்தப்படும். நீரை அடைத்துவைக்கும் நெகிழிக் குப்பிகள் நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில், அமிலத்தில் ஊறவைத்துக் கழுவப்பட்டவை. கரைந்த உலோகம் குப்பியின் சுவரில் படியாதிருக்க, மிகத்தூய ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகள் சேர்க்கப்படும். கரையிலுள்ள ஆய்வகத்தில், உலோகங்களை மட்டும் பற்றிக்கொள்ளும் பிசின் வழியே நீரைச் செலுத்தி உப்பை நீக்குவர். அவ்வாறு செறிவூட்டிய கரைசலை நிறை நிறமாலைமானியில் அளப்பர்.

இத்துணை கவனத்திற்குப் பின்னும் மாசு முற்றிலும் நீங்கிவிட்டது எனக் கொள்வதில்லை. கடல்நீரே இல்லாத ‘வெற்று மாதிரி’ ஒன்றையும் அதே படிநிலைகளில் செலுத்தி, அதில் தென்படும் அளவைக் குறித்துக்கொள்வர். அதுவே அளப்பவர் சேர்த்த மாசு. கடலின் அளவைக் கூறுவதற்கு முன், தம் மாசின் அளவைக் கழிப்பது இத்துறையின் ஒழுக்கம்.

எண்கள் சரியானவை என்பதை எவ்வாறு அறிவது? கடலே அதற்குச் சான்று தருகிறது. தூய முறையில் அளந்தபோது, காட்மியத்தின் அளவு ஆழத்திற்கு ஆழம் பாஸ்பேட்டின் அளவை ஒட்டியே மாறுவது 1976இல் தெரியவந்தது. துத்தநாகம் சிலிக்கேட்டை ஒட்டி மாறுவதும் அடுத்துப் புலனாயிற்று. மிதவைத் தாவரங்கள் மேற்பரப்பில் இவற்றை ஏற்கின்றன. அவை மடிந்து மூழ்கிச் சிதையும்போது ஆழத்தில் இவை விடுபடுகின்றன. முன்பு தாறுமாறாகச் சிதறிக்கிடந்த புள்ளிகள் ஒழுங்கான வளைவாக அமைந்தன. கடலின் இயக்கத்தோடு பொருந்தும் எண்களே நம்பத்தக்கவை என்னும் நெறி அதுமுதல் நிலைபெற்றது.

காற்றில் வரும் இரும்பு

புவியோட்டில் இரும்பு நிறைய உண்டு. எனினும் ஆக்சிஜன் கலந்த கடல்நீரில் அது எளிதில் கரைவதில்லை. துருவைப் போன்ற துகளாகி மூழ்கிவிடுகிறது. ஆற்றுநீர் கொணரும் இரும்பும் பெரும்பாலும் கரையோரத்திலேயே படிந்துவிடும். கரைக்கு அப்பால் பலநூறு கல் தொலைவில் உள்ள கடலுக்கு இரும்பை ஏந்திச்செல்லும் முதன்மையான ஊர்திகளுள் ஒன்று காற்று. சகாராப் பாலைவனத்தின் புழுதி அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கக் கண்டங்களை எட்டுவது அனைவரும் அறிந்தது. காற்றில் மிதக்கும் இத்தகைய நுண்துகள்கள் ஏரோசால்கள் எனப்படும்.

கடற்காற்றின் ஏரோசால்களைத் திரட்டக் கப்பலின் முன்பகுதியில் உயரமான இடத்தில் உறிஞ்சுகருவி அமைக்கப்படும். அது வடிதாளின் வழியே பெருமளவு காற்றை மணிக்கணக்கில் இழுக்கும். இங்கும் பெரும்பகை கப்பலே. பின்புறமிருந்து காற்று வீசினால் கப்பலின் புகைபோக்கி உமிழும் புகை வடிதாளில் படியும். ஆதலின் காற்றின் திசையை உணர்ந்து, முன்புறக் காற்று வீசும்போது மட்டும் கருவி இயங்குமாறு செய்திருப்பர்.

வடிதாளில் படிந்தவற்றுள் கடல் தெளித்த உப்பும் இருக்கும். மண்ணின் புழுதியும் இருக்கும். மனிதர் எரித்த புகையும் இருக்கும். சோடியத்தின் அளவு உப்பின் பங்கைக் காட்டும். மண்ணில் அலுமினியம் ஏறத்தாழ நிலையான பங்கில் இருப்பதால், அது புழுதியின் பங்கைக் காட்டும். ஒரு தனிமம் அலுமினியத்தோடு ஒப்பிடுகையில் மண்ணில் உள்ளதைவிட மிகுந்திருந்தால், அதற்குப் புழுதியல்லாத வேறு மூலம் உண்டு என அறியலாம். ஈயம், துத்தநாகம், காட்மியம் ஆகியன பெரும்பாலும் இவ்வாறு மிகுந்தே காணப்படுகின்றன.

மொத்த இரும்பை அறிவது மட்டும் போதாது. நீரில் கரையும் இரும்பே உயிர்களுக்கு எளிதில் பயன்படும். பாலைவனப் புழுதியில் கரையும் பங்கு மிகக் குறைவு. எரிபொருள் புகையோடும் அமிலங்களோடும் கலந்துவரும் துகள்களில் அப்பங்கு மிகுதி. இந்திய ஆய்வாளர் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் திரட்டிய ஏரோசால்களில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்பட்டது. அரபிக்கடலின்மேல் பாலைவனப் புழுதி மிகுதி. வங்காள விரிகுடாவின்மேலோ குளிர்காலத்தில் கங்கைச் சமவெளியிலிருந்து வரும் புகைக்காற்றின் தாக்கம் மிகுதி. ஆதலின் கரையும் இரும்பின் பங்கு வங்காள விரிகுடாவில் உயர்ந்து காணப்பட்டது.

இரும்பு விதைத்த கடல்

தென்பெருங்கடல், வடபசிபிக்கின் வடபகுதி, நிலநடுக்கோட்டுப் பசிபிக் ஆகிய பரப்புகளில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்திருந்தும் மிதவைத் தாவரங்கள் செழிப்பதில்லை. உரமிருந்தும் பயிர் வளராத இந்தப் புதிரை விடுவிக்க முனைந்தவர் கலிபோர்னியாவின் ஜான் மார்ட்டின். பேட்டர்சனின் தூய்மை நெறிகளைப் பின்பற்றியவர் அவர். வடபசிபிக் நீரைத் தூய குப்பிகளில் எடுத்து, சிலவற்றில் மட்டும் சிறிதளவு இரும்பைச் சேர்த்தார். இரும்பு பெற்ற குப்பிகளில் மிதவைத் தாவரங்கள் செழித்து வளர்ந்தன. இம்முடிவு 1988இல் வெளியாயிற்று. முன்னைய ஆய்வாளருக்கு இவ்வேறுபாடு புலப்படாதிருந்ததற்குக் காரணம் எளிது: மாசுபட்ட குப்பிகள் அனைத்திலும் இரும்பு ஏற்கெனவே கலந்திருந்தது.

பனியூழிக் காலத்தில் புழுதி மிகுந்து கடலுக்கு இரும்பை ஊட்டியதால், மிதவைத் தாவரங்கள் கார்பன் டைஆக்சைடை மிகுதியாக ஈர்த்திருக்கலாம் என்றும் மார்ட்டின் கருதினார். 1993 அக்டோபரில் கலாபகசுத் தீவுகளுக்குத் தெற்கே ஏறத்தாழ 64 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் இரும்பு தூவப்பட்டது. அதனைக் காண மார்ட்டின் இல்லை. சில மாதங்களுக்கு முன்பே அவர் மறைந்தார். இரும்பு தூவிய இடத்தில் மிதவைத் தாவரங்கள் பெருகின. அவருடைய கருத்து மெய்யாயிற்று.

அவ்வாறெனில், கடலில் இரும்பைக் கொட்டிப் புவி வெப்பமாதலைத் தடுத்துவிடலாமா? 2009இல் இந்தியாவும் செருமனியும் இணைந்து தென் அட்லாண்டிக்கில் நடத்திய ‘லோஹாஃபெக்ஸ்’ ஆய்வு எச்சரிக்கையான விடையைத் தந்தது. மிதவைத் தாவரங்கள் வளர்ந்தன. ஆயினும் சிறிய ஓட்டுடலிகள் அவற்றை உண்டுவிட்டன. ஆழத்திற்குச் சென்ற கார்பன் மிகக் குறைவாகவே இருந்தது. அப்பகுதி நீரில் சிலிக்கா குறைந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஒரு தனிமத்தை மட்டும் அறிந்து கடலை ஆள இயலாது என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

உலகம் கூடி அளத்தல்

2010இல் கடற்பயணங்களைத் தொடங்கிய ‘ஜியோட்ரேசஸ்’ என்னும் பன்னாட்டுத் திட்டம் பெருங்கடல்கள் அனைத்திலும் நுண்தனிமங்களை அளந்து வருகிறது. இந்தியாவும் இதில் பங்கேற்கிறது. ஒரே கடல்நீரை வெவ்வேறு நாட்டு ஆய்வகங்கள் தனித்தனியே அளந்து, தம் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது இத்திட்டத்தின் அடிப்படை விதி. இவ்வாறு அளந்தபோது, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியைவிட வடபகுதி மேற்பரப்பில் ஈயம் மிகுந்திருப்பது தெரியவந்தது. ஈயப் பெட்ரோலை நாம் கைவிட்டது பிந்தித்தான் என்பதைக் கடல் மறக்கவில்லை.

கடல் பொய் சொல்வதில்லை. ஆயினும் அதன் குரல் மிக மெல்லியது. அளப்பவரின் கையிலும் கலத்திலும் உள்ள மாசு அக்குரலை எளிதில் மறைத்துவிடும். இன்றும் ஆய்வுக் கப்பலின் குறிப்பேடுகளில் கடலின் அளவோடு வெற்று மாதிரியின் அளவும் தவறாமல் இடம்பெறுகிறது.

கற்பவை கற்றபின்

1. வெற்று மாதிரி என்பது யாது? அளவீட்டில் அதன் தேவையை விளக்குக.
2. மாசுபட்ட அளவீடு ஒரு நஞ்சை மறைக்கக்கூடும் என்பதைப் பேட்டர்சனின் ஆய்வு வழி நிறுவுக.
3. ‘கடலில் இரும்பு தூவிப் புவி வெப்பமாதலைத் தடுக்கலாம்’ என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
4. முந்திரி, கீழ்முந்திரி, இம்மி போன்ற கீழ்வாய் இலக்கச் சொற்கள் இன்றைய பேச்சுவழக்கில் பயின்றுவரும் இடங்களைத் தொகுத்து எழுதுக.