பழைய பியானோவின் முனகல்

ராமச்சந்திராபுரத்தில் உள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலையில் நீராவிச் சுழலிகள் உருவாகின்றன. ஓடும் எந்திரத்தின் ஒலி மாறினால், தேர்ந்த தொழிலாளர் பழுது எங்குள்ளது என்பதைச் செவியாலேயே ஓரளவு உணர்வர். பழைய பியானோவைச் செப்பனிடுபவரும் முதலில் கேட்கிறார். பிறகே கருவியைத் திறக்கிறார்.

1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி என்பவர் பியானோவை அமைத்தார். கட்டையை அழுத்தினால் நெம்புகோல்கள் ஒரு சிறு சுத்தியலை உந்தும். அது கம்பியைத் தட்டிவிட்டுத் திரும்பும். இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. ஒவ்வொன்றின் பின்னும் மரம், தோல், கம்பளித் துணி ஆகியவற்றால் ஆன பல உறுப்புகள் இயங்குகின்றன.

சென்னையில் 1842இல் தொடங்கிய மிஸ்குவித் நிறுவனம், இன்று மியூசி மியூசிக்கல் என்னும் பெயரில் அண்ணா சாலையில் உள்ளது. அக்கடற்கரை நகரின் ஈரக்காற்றில் மரம் உப்பிக் கட்டைகள் சிக்கிக்கொள்ளும். அதே கருவி தக்காணத்தின் வறண்ட கோடைக்கு வந்தால், மரம் சுருங்கித் திருகாணிகள் தளரும். எனவே ‘கடகட’ ஒலி எழும்போது முதலில் திருகாணிகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். பல வேளைகளில் அதுவே போதும்!

ஒலி நீடித்தால், சுத்தியல் கம்பியைத் தொடாதவாறு கட்டையை மிக மெல்ல அழுத்துவர். அப்போதும் ‘டிக்’ என்று கேட்டால் குறை கட்டையிலோ நெம்புகோலிலோ இருக்கும். ஓங்கித் தட்டும்போது மட்டும் கேட்டால், பசைவிட்ட சுத்தியல் தலையை ஐயுறலாம். பியானோவின் மேல் வைத்த படச்சட்டம் அதிர்வதும் உண்டு. கையை எடுக்கும்போது ‘தொப்’ என்று கேட்டால் கம்பளி தேய்ந்திருக்கும். அல்லது அந்துப்பூச்சி அரித்திருக்கும். புதிய கம்பளி ஒட்டினால் அவ்வொலி அடங்கும்.

கீச்சொலி கேட்டவுடன் சிலர் தையல் எந்திர எண்ணெயை ஊற்றிவிடுகின்றனர். கருவிக்கு இதைவிடப் பெரிய கேடில்லை. எண்ணெய் மரத்திலும் கம்பளியிலும் ஊறித் தூசியைச் சேர்க்கும். ஓர் உறுப்பின் குறை பல உறுப்புகளுக்குப் பரவும். அறிந்தவர், வேண்டிய இடத்தில் மட்டும் கிராஃபைட் தூளைச் சிறிதளவு தேய்ப்பர்.

சொற்பொருள்
செப்பனிடுதல் – பழுது நீக்குதல்
ஐயுறுதல் – சந்தேகித்தல்
அந்து – துணியை அரிக்கும் பூச்சி

பயிற்சி
1. கட்டையை மெல்ல அழுத்திப் பார்ப்பது ஏன்?
2. பிரித்து எழுதுக: ஈரக்காற்று, அவ்வொலி.
3. உங்கள் வீட்டு மின்விசிறியின் ஒலியைக் கேட்டு, அதை ஒலிக்குறிப்புச் சொற்களால் ஐந்து வரிகளில் எழுதுக.