கூரைக்கும் மச்சுக்கும் நடுவே

கோடையில் மேல்மாடி அறை கொதிப்பதேன்? குளிர்காலத்தில் அதே அறை நம்மை நடுக்குவதேன்? வடபுலத்தில் தங்கிப் பயிலும் நாம் ஆண்டுதோறும் இவ்விரண்டையும் பட்டறிகிறோம். கட்டடப் பொறியியல் மாணவனாகிய நான், இதன் காரணத்தையும் மாற்றையும் மன்றத் தோழர்கட்கு எளிய முறையில் எடுத்துரைக்க விழைகிறேன். சிம்லா, முசூரி, டார்ஜிலிங் முதலிய மலையூர்களில், சரிந்த தகரக் கூரையும் அதன்கீழ்ப் பலகை மச்சும் உடைய வீடுகள் பல உள. அத்தகைய வீடே நமக்கு எடுத்துக்காட்டாகட்டும்.

வெப்பம் செல்லும் வழி

கடத்தல், சலனம், கதிர்வீச்சு என வெப்பம் மூவகையாகப் பரவும் என்பது பள்ளியில் பயின்ற பாடம். கூரையில் இம்மூன்றும் நிகழ்கின்றன. வெயிலில் காய்ந்த தகரம் மச்சை நோக்கிக் கதிர் வீசுகிறது. பலகை அவ்வெப்பத்தை அறைக்குள் கடத்துகிறது. குளிர்காலத்தில் திசை மாறுகிறது. அறையில் சூடேறிய காற்று இலேசாகி மேலெழுந்து, பலகை இடுக்குகளின் வழியே ஓடிவிடுகிறது. காசு கொடுத்து மூட்டிய சூடு வானத்தைச் சேர்கிறது!

இதனைத் தடுப்பது அசையாத காற்றே. பஞ்சு, கம்பளி, வைக்கோல் ஆகியவற்றின் ஆற்றலெல்லாம் அவை சிறைப்படுத்தி வைத்துள்ள காற்றின் ஆற்றல்தான். 5 செ.மீ. கனமுள்ள கண்ணாடிப் பஞ்சு தடுக்கும் வெப்பத்தைக் காங்கிரீட் தடுக்க வேண்டுமாயின், அதன் கனம் ஏறத்தாழ 2 மீட்டர் இருத்தல் வேண்டும். பஞ்சை மிதித்து நசுக்கினாலோ நனையவிட்டாலோ பயன் குன்றிவிடும்.

காற்றோட்டம் எதற்கு?

சூட்டைக் காக்கப் பஞ்சு பரப்பியபின், அதன்மேல் குளிர்காற்றை ஓடவிடுவானேன் என்று கேட்கத் தோன்றும். விடை நீராவியில் உள்ளது. 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும்; 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவாகவே தாங்கும். நம் மூச்சும் அடுப்பும் ஈரத்துணியும் தந்த ஆவி, மேலேறிக் குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் நீராகிறது.

சென்ற குளிர்காலத்தில் முசூரி அருகே ஒரு வீட்டைப் பார்த்தேன். மச்சில் ஈரக் கறைகள். தகரம் ஒழுகுகிறதென முடிவு செய்த வீட்டுக்காரர், கூரை முழுவதையும் மாற்றக் கடன் வாங்கவிருந்தார். ஆனால் மழையும் பனியும் பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கறையோ நாள்தோறும் வளர்ந்தது. மேலேறிப் பார்த்தோம். சூடு போகாதிருக்க இறவாரத் துளைகள் யாவும் கந்தல் துணியால் அடைக்கப்பட்டிருந்தன. தகரத்தின் உட்புறமெங்கும் நீர்த்துளிகள், ஆணிகளில் துரு, கைமரம் ஒன்று விரல்நகம் பதியுமளவு இற்றிருந்தது. அதன்கீழேதான் குழந்தைகள் உறங்கினர். துணிகளை அகற்றி, மச்சின் இடுக்குகளை அடைத்தபின் ஈரம் உலர்ந்தது. மாற்ற வேண்டியிருந்தது ஒரு கைமரமே, கூரையன்று.

செய்யும் முறை

முதலாவதாக, ஒழுக்குகளைச் சரிசெய்க. இரண்டாவதாக, விளக்குக் கம்பி நுழையுமிடம், மச்சுக் கதவு, பலகை இடுக்கு ஆகியவற்றை அடைக்க. மூன்றாவதாகவே பஞ்சைப் பரப்புக. புகைபோக்கியை ஒட்டிப் பஞ்சு வைத்தலாகாது; பழைய மின்கம்பிகளை மின்பணியாளர் பார்த்த பின்னரே மூடலாம். பழைய கல்நார்த் தகடு இருப்பின் அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டா; அதன் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு.

நான்காவது, காற்றுவழி. இறவாரத்தில் நுழைவாயும் முகட்டருகே போக்குவாயும் வேண்டும். சூடான காற்று மேலே வெளியேறக் குளிர்காற்று கீழே நுழையும். மச்சின் பரப்பில் 150-இல் ஒரு பங்கு திறப்பு வேண்டுமென்பது அமெரிக்கக் கட்டட விதிகளில் வழங்கும் அளவு. 600 சதுர அடி மச்சுக்கு 4 சதுர அடி. அதில் பாதி கீழே, பாதி மேலே. எலியும் வௌவாலும் புகாதபடி கம்பிவலை அடித்தால், வலை மறைக்கும் அளவுக்குத் திறப்பைப் பெரிதாக்குக.

கோடையில் காற்றோட்டம் மட்டும் போதாது. கதிர்வீச்சு காற்றைக் கடந்து வரும். கைமரங்களின் அடியில் பளபளப்பான அலுமினியத் தாளைப் பளபளப்புக் கீழ்நோக்கக் கட்டினால் அது பெரிதும் குறையும். மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து பயன் கெடும்.

மறவாதீர்

கூரையடிக் காற்றோட்டம் வேறு. நாம் உறங்கும் அறையின் காற்றோட்டம் வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. குளிருக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் கரிக்கணப்பு மூட்டுதல் உயிருக்கே உலை. கரி ஒராக்சைடு என்னும் அவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும்.

தட்டைமாடியில் குடியிருப்போர்க்கு மச்சு இல்லை. காங்கிரீட் தளம் பகலில் உண்ட வெப்பத்தை இரவில் உமிழும்; ஆதலின் வெயிலை மேற்புறத்திலேயே தடுப்பது சிறந்தது. கோடை தொடங்குமுன் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தல் செலவு குறைந்த முதல் மாற்று. விடுதித் தோழர்களே, வீட்டுக்காரரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ இதனைப் பங்குனியிலேயே கேளுங்கள். சித்திரை வெயில் வந்தபின் கேட்டுப் பயனில்லை.