கழிந்த வெள்ளரிப் பிஞ்சில் காடி ஊறுகாய்

திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் ஏற்றுமதிக்காக ஒப்பந்த முறையில் கெர்கின் வெள்ளரி பயிரிடப்படுகிறது. ஒரு கிலோவில் எத்தனை காய் நிற்கிறது என்பதைக் கொண்டே இதற்குத் தரம் பிரிக்கிறார்கள். சிறிய காய்க்கே விலை அதிகம். ஒரு நாள் பறிப்புத் தவறினாலும் காய் பருத்து அடுத்த தரத்துக்கு இறங்கிவிடும். இவ்வாறு கழித்து ஒதுக்கப்படும் காய்களை மாட்டுக்குப் போடாமல், வீட்டு உபயோகத்துக்குக் காடி ஊறுகாயாகச் செய்துகொள்ளலாம். நாட்டு வெள்ளரிப் பிஞ்சும் இதற்கு ஏற்றது.

தேவையான பொருள்கள்

விதை முற்றாத பிஞ்சு 1 கிலோ. காடி எனப்படும் வினிகர் 500 மில்லி. தண்ணீர் 500 மில்லி. கல் உப்பு 40 கிராம். சதகுப்பை விதை 2 தேக்கரண்டி. பூண்டு 6 பல். மிளகு, கடுகு தலா 1 தேக்கரண்டி. சதகுப்பை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். மேல்நாட்டு வெள்ளரி ஊறுகாய்க்கு மணம் தருவது இதுவே.

செய்முறை

மருந்து தெளித்த வயலானால், மருந்துக் கலன் சீட்டில் கூறியுள்ள காத்திருப்பு நாள்கள் முடிந்த பின் பறித்த காய்களையே எடுக்க வேண்டும். அன்று பறித்த காயே நல்லது. நன்கு கழுவி, பூ இருந்த நுனியைச் சிறிதளவு சீவி எறிய வேண்டும். அந்நுனியிலுள்ள நொதிகள் காயைக் கொழகொழப்பாக்கும். பின்னர் நீளவாக்கில் நான்காகப் பிளந்து, வெந்நீரில் கழுவிய கண்ணாடிப் பாட்டில்களில் மசாலாப் பொருள்களுடன் அடுக்க வேண்டும்.

காடி, தண்ணீர், உப்பு மூன்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, சூடு சற்றுத் தணிந்ததும் காய்கள் முழுவதும் மூழ்க ஊற்ற வேண்டும். அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் கூடா. அமிலம் அவற்றை அரிக்கும். ஆறியதும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மூன்று நாளில் ஊறிவிடும். ஒரு மாதத்துக்குள் உண்டு முடிப்பது நல்லது.

காடியைக் குறைக்காதீர்!

புளிப்பு அதிகமென்று காடியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவதே பலர் செய்யும் தவறு. குளிர்ச்சி கிருமிகளின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துமே தவிர முழுவதும் தடுக்காது. அமிலமும் குளிர்ச்சியும் சேர்ந்தே ஊறுகாயைக் காக்கின்றன. வெள்ளரியில் ஏறத்தாழ 95 சதவீதம் நீர். அதுவும் கரைசலில் கலந்து அமிலத்தை நீர்க்கச் செய்யும்.

மேலே கூறிய அளவு, 5 சதவீத அமிலமுள்ள காடிக்கே பொருந்தும். கடைகளில் 4 சதவீதக் காடியும் விற்கிறது. பாட்டில் சீட்டைப் படித்துப் பார்த்து, 4 சதவீதமானால் காடி 625 மில்லி, தண்ணீர் 375 மில்லி எனச் சேர்க்க வேண்டும். புளிப்பு மிகுதியாகத் தோன்றினால் சிறிது சர்க்கரை சேர்த்துச் சுவையைச் சரிசெய்யலாம்.

மாவடுவைப் போல் வெளியில் வைக்கலாமா?

கூடாது. மாவடுவும் எலுமிச்சை ஊறுகாயும் அலமாரியில் மாதக்கணக்கில் இருப்பது அவற்றிலுள்ள மிகுந்த உப்பினால். இதில் உப்பு குறைவு. எனவே வெளியில் வைக்கவோ, சந்தையில் விற்கவோ இம்முறை ஏற்றதன்று. விற்பனைக்குச் சூடேற்றிப் பதப்படுத்தும் தனி முறையும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை. நீண்ட நேரம் மின்சாரம் நின்று பாட்டிலின் குளிர்ச்சி போய்விட்டாலோ, நுரை, பூஞ்சணம், வழவழப்பு, துர்நாற்றம் தென்பட்டாலோ சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.

அளவு மாறாமல் செய்தால், தரம் பிரிக்கும் இடத்தில் கழிந்த காயும் குடும்பத்துக்கு ஒரு மாதத் தொடுகறியாகும்.