நாவும் நாணமும்

பிறமொழி கற்பார்க்கு முதற்பகை நாணமே ஆகும். பிரான்சு நாட்டு ஆசிரியர் பிரான்சுவா குவானின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குவான், செருமன் மொழி கற்க விரும்பி ஆம்பர்க்கு நகரை அடைந்தார். இலக்கணத்தை நெட்டுருச் செய்தார். அகராதியையும் மனப்பாடம் செய்தார். ஆயினும், பிறர் பேசியது அவர்க்கு விளங்கவில்லை. ஒருமுறை துணிந்து வாய் திறந்தார், கேட்டவர் நகைத்தனர். நாணமுற்ற அவர் மீண்டும் நூல்களிடையே புகுந்தார். ஓராண்டு முயன்றும் உரையாட இயலாதவராய் ஊர் திரும்பினார்.

அவர் புறப்படுகையில் பேச்சறியாதிருந்த உடன்பிறந்தாரின் சிறுமகன், அப்பொழுது தாய்மொழியில் ஓயாது பேசினான். மாவு ஆலையொன்றைப் பார்த்துவந்த அச்சிறுவன், கண்டவற்றை வாய்விட்டுச் சொல்லியவாறே ஆடிக் காட்டினான். செயலும் சொல்லும் இணையவே மொழி வளரும் என்பதைக் குவான் உணர்ந்தார். அதனை விளக்கி 1880இல் நூல் ஒன்றும் வெளியிட்டார்.

குழந்தை பிழைபடப் பேசினால் எவரும் எள்ளுவதில்லை. மகிழ்ந்து மறுமொழி கூறுவர். வகுப்பிலும் அவ்வாறே நிகழ்தல் வேண்டும். “நேற்று மாலை என்ன செய்தாய்?” என ஆசிரியர் வினவினால், தொடக்க மாணவன் ஒரு சொல்லால் விடையிறுப்பினும் போதும். ஆசிரியர் அதனைத் திருத்தமான தொடராக்கித் திருப்பிச் சொல்லுதல் நன்று. உடன் பயில்வோர் நகையாதிருத்தல் அதனினும் நன்று. ஒருவர் நகைப்பு மற்றொருவர் நாவைக் கட்டிவிடும் அன்றோ?