சாலைக் குற்றங்களும் சொற்களும்

சிவப்பு விளக்கை மீறிச் செல்வதைச் 'சிக்னல் ஜம்ப்' என்கிறோம். விளையாட்டுப்போல ஒலிக்கும் அச்சொல் செயலின் கொடுமையை மறைத்துவிடுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின், அதனை 184ஆம் பிரிவில் 'அபாயகரமாக ஓட்டுதல்' என்னும் குற்றத்துள் அடக்குகிறது. கைப்பேசியை ஏந்தி ஓட்டுதலும் எதிர்த்திசையில் செல்லுதலும் அதனுள் அடங்கும். 'அபராதம்' என்பது வடமொழியில் குற்றத்தையே குறிக்கும். தமிழிலோ குற்றத்திற்குச் செலுத்தும் தண்டத்தொகையாயிற்று. பணம் கட்டினால் குற்றம் தீர்ந்தது என்னும் எண்ணம் இதனால் வலுப்பட்டிருக்கலாம்.

உங்கள் வயதினர் கருத்தூன்ற வேண்டியது 199ஏ பிரிவு. பதினெட்டு நிரம்பாதவர் வாகனக் குற்றம் புரிந்தால் பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாவார். தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஆகும். "சாவியை நான் கொடுக்கவில்லை" என்னும் வாய்ச்சொல் போதாது, மெய்ப்பித்தாக வேண்டும். ஓட்டிய சிறுவர்க்கோ 25 வயது நிரம்பும்வரை உரிமம் கிடையாது.