கிராங்குக்கு ஏற்ற அச்சு

கேள்வி: என் கியர்ச் சைக்கிளுக்குப் புதுக் கிராங்க் பூட்டிய நாள் முதலாகச் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மறுக்கிறது. கிராங்க்தான் பிழையா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: கிராங்கின்மீது குற்றஞ் சுமத்துமுன், அதைத் தாங்கி நிற்கும் அச்சைக் கழற்றி அளந்து பாருங்கள். பிறேமின் நடுக்கோட்டிலிருந்து முன் பல்சக்கரங்களின் மத்திவரையுள்ள தூரம், இரட்டைப் பல்சக்கரம் பூண்ட பந்தயச் சைக்கிளுக்கு 43.5 மில்லிமீற்றர் என்பது பொதுப் பிரமாணமாதலால், அச்சு அளவுக்கு மிஞ்சி நீண்டிருப்பின், பல்சக்கரங்கள் வெளியே விலகி, செயினைத் தள்ளும் கருவியின் எல்லையைக் கடந்துவிடும். நீளம் சரியாயிருந்தும் இத்தொல்லை வருவதுண்டு. சதுர முனை அச்சுகளில் ஜப்பானியப் பிரமாணம், சர்வதேசப் பிரமாணம் என இருவகை உள, சரிவு இரண்டிலும் ஒன்றாயினும் முனையின் பருமன் வேறாகையால், பின்னதற்கான கிராங்கை முன்னதில் ஏற்றினால் அது நாலைந்து மில்லிமீற்றர் வெளியே நின்றுவிடும் என்பதே இவ்விஷயத்தின் சூக்ஷ்மம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலின்றித் தவித்த நம் குடாநாட்டைச் சுமந்த துவிச்சக்கர வண்டிகளுள், பழைய றலியை இன்றும் பேணி வருவோர்க்கு ஒரு வார்த்தை: அதன் அச்சைப் பிறேமில் தாங்கும் கிண்ணத்துக்கு அங்குலத்துக்கு 26 புரிகள், கடையில் கிடைப்பதற்கோ 24. பலவந்தமாக முறுக்கினால் பிறேமே பாழாகும்.

கழற்றும்போது வலப்பக்கக் கிண்ணம் இடப்புரியுடையதென்பதை மறவாது, அதைக் கடிகார முள் சுற்றும் திசையிலேயே திருப்புங்கள்.